மட்டம் இறங்கிய ஊர்

வீடு கட்ட வரும் மேஸ்திரிக்கு முதல் வேலை மட்டம் பார்ப்பது. டியூபில் தண்ணீர் நிரப்பி, இரு முனையிலும் பென்சில் கோடு போட்ட பிறகுதான் கடப்பாரையைத் தொடுவார். தெற்கு அந்தமானின் சிப்பிகாட்டில் 2004 டிசம்பர் 26 அன்று அந்த மட்டமே கீழே இறங்கிவிட்டது. நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வட்டாரம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சுனாமி வடிந்த பின்னும் கடல் முழுதாகத் திரும்பவில்லை. நெல் வயலிலும் தோப்பிலும் ஒவ்வொரு கடலேற்றத்துக்கும் உப்புநீர் ஏறியது. தென்னைகள் நின்றபடியே பட்டுப்போயின.

மூழ்கிய வயல்களில் அலையாத்திச் செடிகள் தாமாக முளைத்தன. வடக்கு அந்தமானில் கதை நேர்மாறு: அங்கே தரை உயர்ந்தது, ஏற்றநீர் எட்டாத அலையாத்திக் காடு காய்ந்து போனது.

மரம் தலைமுறை தலைமுறையாக இடம் மாறிக்கொள்ளும். கான்கிரீட்டுக்கு அந்த வசதி இல்லை.

அலையாத்தி வகையான சுரபுன்னையின் முட்டுவேர்களைப் பாருங்கள். அவை தண்ணீரை மறிப்பதில்லை. கால்களுக்கிடையே விட்டு, அதன் வேகத்தை வாங்கிக்கொள்கின்றன. உப்பில் பெரும்பகுதியை வேரே வெளியில் நிறுத்திவிடுகிறது. கடலோரக் கட்டடத்தில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது கம்பியைப் போர்த்தும் கான்கிரீட். இந்தியக் கான்கிரீட் தரவிதியான ஐஎஸ் 456 கடலோரத்துக்கு 45 மில்லிமீட்டர் போர்வை (கவர்) கேட்கிறது. உள்நாட்டில் பாதிப்பு மிகக் குறைந்த ('மைல்ட்') சூழலுக்கு 20 போதும். ஆனால் அவசரத்தில், அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஒரு ஜல்லியைச் செருகிவிட்டுப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு! உப்பு உள்ளே போனால் கம்பி துருவேறிப் பருக்கும். கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும். சரியாகக் கழுவாத கடல் மணலோ, உப்பைக் கலவையிலேயே சேர்த்துவிடும்.

அந்த மணலையும் தீவில் இஷ்டத்துக்கு அள்ள முடியாது. 2002-லேயே உச்ச நீதிமன்றம் அதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லிவிட்டது. சிமெண்ட் ஆலையும் இங்கில்லை. ஒவ்வொரு மூட்டையும் கப்பலேறி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்து வருகிறது. அதில் கட்டியும் இருபது வருடத்தில் இடித்துக் கட்ட வேண்டிய வீட்டுக்கு, 'பசுமை வீடு' என்று பச்சை பெயிண்ட் அடித்து என்ன பயன்?

கார் நிக்கோபாரின் வட்டக் குடிசை முட்டுவேரின் பாடத்தை முன்பே படித்தது: கால்மேல் தளம், பிரம்புக்கட்டு, தடித்த புல்கூரை. கடற்கரை ஊர்களில் இருந்தவற்றைச் சுனாமி வாரிக்கொண்டு போனது; தூண் சரியாக இருந்தும் இடம் தாழ்வு. பிறகு வந்த தகரக் கொட்டகைகளில் பகலில் உட்கார முடியவில்லை.

சிப்பிகாட்டில் மனை பார்க்கப் போகும் மேஸ்திரி, டியூபை விரிக்குமுன் வரப்போரம் ஒரு நடை போகலாம். அலையாத்திக் கன்று எதுவரை ஏறியிருக்கிறதோ, ஏற்றநீரும் குறைந்தது அதுவரை வந்து போகிறது. அஸ்திவாரக் கோடு அதற்கு மேலே.