இருந்த இடத்திலேயே இரு

லண்டனில் நான் இருப்பது கவுன்சில் வீட்டில். உள்ளூராட்சிச் சபை கட்டி வாடகைக்கு விடுகிற மாடிக் கட்டடம். லிஃப்றுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். கீழ்மாடி ஆச்சி ஒருநாள் என்னைப் பிடித்து, "தம்பி, இதில என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டா.

"வேற வீட்டில நெருப்புப் பிடிச்சா, நாங்கள் எங்கட வீட்டுக்குள்ளயே இருக்கட்டாம் ஆச்சி."

ஆச்சி சிரித்தா. "ஊரிலையும் உதைத்தானே எங்களுக்குச் சொன்னவை! இருந்த இடத்திலயே இரு எண்டு."

ஆச்சி எந்த ஊர், எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பே சொல்லிவிட்டது. (கவுன்சில் வீடு என்றால் மூக்கைச் சுளிக்கிற தமிழரும் இங்கே இருக்கிறார்கள். எந்தக் கோயிலடி என்று விசாரித்துச் சாதி பிடிக்கிற அதே மூக்குத்தான்.)

யாழ்ப்பாணத்தில் எங்கட கொட்டில்கள் கிடுகால் வேய்ந்தவை. நெருப்பு அங்கே தானாகவும் வரும், ஆளனுப்பியும் வரும். இரண்டுக்கும் ஒரே வழிதான்: பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடு. வேலியைப் பிரித்துக்கொண்டு எந்தப் பக்கமும் ஓடலாம். மாடிக் கட்டடத்தில் அப்படி முடியாது. பல கட்டடங்களில் இறங்க ஒரே படிக்கட்டு.

அந்த அறிவித்தல் முட்டாள்தனமானதல்ல. ஒவ்வொரு வீடும் ஒரு கொங்கிறீற் பெட்டி. நெருப்புத் தாங்கும் கதவு அரை மணித்தியாலமாவது நிற்க வேண்டும். அதற்குள் தீயணைப்புக்காரர் ஏறி வந்து அணைத்துவிடுவார்கள். எல்லோரும் ஒரேயடியாக இறங்கினால் அவர்களுக்கு வழி இல்லை. இதுதான் கணக்கு. 'இரு' என்று சொல்கிறவன், நெருப்பு உன்னிடம் வராது என்று வாக்கும் கொடுக்கிறான். அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியது கட்டடத்தின் சொந்தக்காரன்.

கிரென்ஃபெல் கோபுரத்தில் அந்த வாக்குத்தான் எரிந்தது. கென்சிங்டன்-செல்சி சபைக்குச் சொந்தமான 24 மாடி. லண்டனின் மிகப் பணக்காரப் பகுதிகளில் ஒன்றில், மொரோக்கோ, எரித்திரியா, சிரியா, வங்காளதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்களும் உள்ளூர் ஏழைகளும் இருந்த கட்டடம். 2016இல் முடிந்த திருத்த வேலையில் வெளிச்சுவருக்குத் தகடு போர்த்தினார்கள். முதலில் நினைத்தது துத்தநாகத் தகடு. செலவைக் குறைக்க வேறு தகட்டுக்கு மாறினார்கள்: இரண்டு மெல்லிய அலுமினியத் தோல், நடுவில் பொலித்தீன். எரிகிற பொருளைச் சட்டையாகத் தைத்துப் போட்டார்கள் என்றுதான் நான் சொல்லுவேன்.

2017 ஜூன் 14, இரவு 12.54க்கு முதல் அழைப்பு. நாலாம் மாடிச் சமையலறையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி. 1.30க்கு முன் நெருப்பு வெளிச்சுவரைப் பிடித்து உச்சிக்கு ஏறிவிட்டது. தொலைபேசியில் உதவி கேட்டவர்களுக்கு அப்போதும் 'உள்ளே இருங்கள்' என்றே சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கைவிட்டது 2.47க்கு. சொல்லைக் கேளாமல் இறங்கியவர்களில் பலர் பிழைத்தார்கள். செத்தவர்கள் 72 பேர். அங்கே வாழ்ந்த மாற்றுத்திறனாளிகள் 37 பேரில் 15 பேர் அதற்குள் அடக்கம்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று ஒருவரும் சொல்ல முடியாது. பெரிய உயிர்ச்சேதம் வந்தால்தான் நிர்வாகத்தின் கண் திறக்கும் என்று குடியிருந்தவர்களே 2016 நவம்பரில் எழுதிவைத்தார்கள். அதற்கும் முன், 2009 ஜூலையில் தென் லண்டன் லக்கனால் கவுன்சில் கட்டடத்தில் ஆறு பேர், மூன்று குழந்தைகளும் சேர்த்து, செத்தார்கள். அங்கேயும் 'இருங்கள்' என்ற சொல்தான். 2013இல் மரண விசாரணை அதிகாரி அரசாங்கத்துக்கு எழுதிய பரிந்துரைகளை நாலு வருடம் ஆறப் போட்டார்கள். 2024 செப்டம்பரில் கிரென்ஃபெல் விசாரணைத் தலைவர், அத்தனை மரணமும் தவிர்த்திருக்கக் கூடியவை என்றார். புகார் சொன்ன வாடகைக்காரரை அதிகாரிகள் தொல்லை கொடுப்பவர்களாகப் பார்த்தார்கள். வாய் காட்டுகிறான் என்று ஊரில் எங்களைச் சொல்வார்களே, அதே பார்வை.

என் மாடியில் படிக்கட்டுக் கதவு தானாக மூட வேண்டும். மூடுவதில்லை. மேலே இருக்கிற விசைக்கை உடைந்து தொங்குகிறது. கிரென்ஃபெல்லிலும் எத்தனையோ வீட்டுக் கதவுகள் இப்படித்தான் மூடாமல் நின்று புகையை உள்ளே விட்டன. 2023 ஜனவரியிலிருந்து, 11 மீற்றருக்கு மேற்பட்ட குடியிருப்புகளில் பொதுவழிக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டுமென்பது இங்கிலாந்தில் சட்டம். பார்க்க வந்தவன் படம் எடுத்துக்கொண்டு போனான். பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் மூன்று கடிதம் போட்டேன்.

"என்னத்துக்கு அவையோட கொழுவுறியள், வீட்டை விட்டு எழுப்பிப் போடுவாங்கள்" என்று மனைவி பயப்படுகிறா. அவவின் பயம் எனக்கு விளங்கும். நாலாவது கடிதத்தை நேற்று இரவு எழுதி முடித்தேன். மாடி இலக்கம், கதவு இலக்கம், முந்தின மூன்று கடிதங்களின் திகதி, கதவுக்கும் நிலைக்கும் நடுவில் நிற்கிற இடைவெளி: மூன்று விரல்.