தர்பூசணியைச் சாய்த்த செய்தி

2025 கோடையில் செங்கல்பட்டு மாவட்டத்துத் தர்பூசணி விவசாயிகளுக்குப் பூச்சியோ மழையோ எதிரியாக வரவில்லை. ஒரு செய்தி வந்தது. பழத்தில் சாயம் ஏற்றியிருந்தால் கண்டுபிடிப்பது எப்படி என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் விளக்கிய வீடியோ, ஊரிலுள்ள பழமெல்லாம் ஊசி போட்டது என்பதுபோல் டி.வி.யிலும் செல்போனிலும் பரவியது. வாங்குவோர் ஒதுங்கினர், விலை சரிந்தது. பறிப்புக் கூலிகூடத் தேறாது என்று பழத்தை வயலிலேயே விட்டவர்களும் உண்டு.

தர்பூசணிக்குச் சிவப்பைத் தருவது லைகோபீன். தக்காளியிலும் இருப்பது அதுதான். ஊசியால் ஏற்றும் சாயம் பழம் முழுக்க ஒரே சீராகப் பரவாது. துளை விழுந்த பழம் சீக்கிரமே அழுகிவிடும். மதுராந்தகம், செய்யூர் பக்கம் எந்த விவசாயியைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார். ஆனால் வயலுக்கு வந்து கேட்டவர்கள் குறைவு.

காரணம் வருமானக் கணக்கு. செய்தியாளரை வயலுக்கு அனுப்பினால் வண்டிச் செலவு, ஒரு நாள் நேரம். வந்த வீடியோவைத் திரும்பப் போட்டால் செலவே இல்லை. எத்தனை பேர் பார்க்கிறார்களோ அதற்கேற்பவே விளம்பர வருமானம். பயமுறுத்தும் செய்தியைப் பலர் பார்ப்பார்கள், 'பயப்பட வேண்டாம்' என்பதைச் சிலரே பார்ப்பார்கள். கலப்படப் பழம் எதுவும் பிடிபடவில்லை என்ற விளக்கம் பிறகு வந்தது. அது முதல் செய்தி போன வேகத்தில் போகவில்லை. பழுத்த தர்பூசணியும் அதுவரை காத்திருக்காது.

நாளை இதே நிலை பாலுக்கு வரலாம், முட்டைக்கு வரலாம். அப்போது மூன்று கேள்விகள் போதும். எந்த ஊரில் மாதிரி எடுத்தார்கள்? எந்த ஆய்வகம் சோதித்தது? முடிவு என்ன? மூன்றுக்கும் பதில் இல்லாத வீடியோவை அடுத்தவருக்கு அனுப்பாமல் இருப்பதே முதல் உதவி.

விவசாயிகள் செய்ய வேண்டியதும் உண்டு. வதந்தி கிளம்பிய அன்றே நாலைந்து பேராகச் சேர்ந்து வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் சொல்ல வேண்டும். செய்தியாளர்களை வயலுக்கே அழைத்து, கொடியிலிருந்து பறித்த பழத்தை அவர்கள் எதிரிலேயே வெட்டிக் காட்ட வேண்டும். ஒரு வாரம் கழித்து மனு கொடுப்பதற்குள் சந்தை முடிந்துவிடும்.