கண்ணுக்குக் கஞ்சா

தெரு விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையம் தெரிந்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். மழை பெய்து ஓய்ந்த ராத்திரியில், மூக்குக் கண்ணாடியில் ஈரம் படிந்திருக்கும்போது நிறைய பேர் பார்த்திருப்பார்கள். ராபர்ட் ராண்டலுக்கு மழையே இல்லாத நாளிலும் அது தெரிந்தது.

1948ல் பிறந்தவர் ராண்டல். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் சாரசோட்டா என்ற ஊர். பதின்ம வயதிலேயே இந்த வளையங்கள் ஆரம்பித்துவிட்டன. கண் களைப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். (ரொம்பப் படிக்கிறதால வருது, கொஞ்சம் ரெஸ்ட் எடு என்பது எல்லா நாட்டிலும் ஒரே வசனம்தான் போல.) 1972ல், 24 வயதில், வாஷிங்டனில் ஒரு கண் டாக்டர் சரியாகப் பரிசோதித்துச் சொன்னார்: கிளாக்கோமா. ஏற்கெனவே நிறைய சேதமாகிவிட்டது. இன்னும் மூன்றிலிருந்து ஐந்து வருஷம் பார்வை இருக்கும், அவ்வளவுதான்.

கிளாக்கோமாவுக்குத் தமிழில் கண் நீர் அழுத்த நோய் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர், விஷயத்தையே சொல்லிவிடுகிறது. கண்ணின் முன்பகுதிக்குள் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கும், ஒரு ஓரமாக வடிந்துகொண்டும் இருக்கும். ஊறுவதும் வடிவதும் சமமாக இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. வடிகால் அடைத்துக்கொண்டால் தொட்டி நிரம்புகிற மாதிரி உள்ளே அழுத்தம் ஏறும். சாதாரணமாக இது பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஏறிய அழுத்தம் கண்ணின் பின்னால் இருக்கும் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். செத்த நரம்பு திரும்ப முளைக்காது. பெரும்பாலானவர்களுக்கு வலியும் இருக்காது. ஓரப் பார்வை முதலில் போகும், நேரே பார்க்கிறது நன்றாகவே தெரியும். அதனால் கண்ணில் பாதி போன பிறகுதான் ஆசாமிக்கே தெரியவரும். திருடன் கொல்லைப்புறத்திலிருந்து ஒவ்வொரு சாமானாக எடுத்துக்கொண்டு போகிறான், வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அப்படி ஒரு வியாதி.

ராண்டலுக்கு அன்றிருந்த மருந்துகளையெல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். பைலோகார்ப்பின் சொட்டு போட்டால் கண்ணின் பாப்பா சுருங்கும், பார்வை மங்கும். மாத்திரைகளுக்கு வேறு தொந்தரவுகள். இத்தனைக்கும் அழுத்தம் அடங்கவில்லை. சாயங்காலமானால் விளக்கைச் சுற்றி வளையம் வந்துவிடும். அவரைப் பொறுத்தவரை அதுதான் அளவுகோல்: வளையம் தெரிந்தால் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

1973 வாக்கில் ஒரு நாள் யாரோ கொடுத்த கஞ்சா சிகரெட்டைப் பிடித்தார். மருந்து என்றெல்லாம் நினைத்துப் பிடிக்கவில்லை, அந்தக் காலத்து அமெரிக்க இளைஞர்கள் பிடிக்கிற மாதிரிதான். ஜன்னல் வழியாகத் தெரு விளக்கைப் பார்த்தால்... வளையத்தைக் காணோம்.

போதையில் தோன்றுகிற ஞானம் காலையில் தெளிந்துவிடும் என்பார்கள். இது தெளியவில்லை. பிடித்த நாட்களில் வளையம் இல்லை, கிடைக்காத நாட்களில் வளையம் வந்தது. கடைசியில் வீட்டிலேயே நாலு செடி வளர்க்க ஆரம்பித்தார். 1975 ஆகஸ்டில் போலீஸ் கண்ணில் பட்டது. செடிகளைப் பிடுங்கினார்கள், கேஸ் போட்டார்கள்.

இந்த மாதிரி கேஸில் எல்லோரும் செய்வது குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வருவது. ராண்டல் அரசு அலுவலகங்களுக்கு விசாரிக்க ஆரம்பித்தார். அங்கேதான் ஆச்சரியம் காத்திருந்தது. கஞ்சா கண்ணழுத்தத்தைக் குறைக்கும் என்பது அரசாங்கத்துக்கு ஏற்கெனவே தெரியும்! கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஹெப்ளர் என்ற கண் மருத்துவரும் ஃபிராங்க் என்பவரும் சேர்ந்து 1971லேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இதை வெளியிட்டிருந்தார்கள். 1970ல் வந்த சட்டப்படி கஞ்சாவுக்கு மருத்துவப் பயன் எதுவும் கிடையாது. ஆனால் 1968லிருந்தே மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் அரசாங்கக் காசில் ஆராய்ச்சிக்காகக் கஞ்சா பயிராகிக்கொண்டிருந்தது. ஒரு கை பிடுங்குகிறது, இன்னொரு கை தண்ணீர் ஊற்றுகிறது.

ராண்டல் நேராக ஹெப்ளரிடமே போனார். அங்கே சில நாட்கள் வைத்து, பகல் முழுக்க விட்டுவிட்டு அழுத்தத்தை அளந்தார்கள். வழக்கமான மருந்துகளால் மட்டும் அவர் கண்ணழுத்தத்தைப் பத்திரமான அளவுக்குக் கொண்டுவர முடியவில்லை, கஞ்சாவும் சேர்ந்தால் முடிந்தது. இதுதான் கோர்ட்டில் அவர் கையில் இருந்த சீட்டு.

வாதம் என்னவென்றால், "நான் வளர்க்கவில்லை" என்பதல்ல. வளர்த்தேன், வேறு வழியில்லாமல் வளர்த்தேன் என்பது. ஆங்கிலேயர் வழி வந்த சட்டத்தில் இதற்கு இடம் உண்டு, ஆனால் குறுகலான இடம். அந்த நிலைமையை ஆள் தானாக வரவழைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அதைவிடச் சின்னக் குற்றத்தாலோ, குற்றமே இல்லாமலோ தப்பிக்க வழி இருந்திருக்கக் கூடாது. தவிர்க்கப் பார்த்த தீமை, செய்த தீமையைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். 1976 நவம்பர் 24ல் நீதிபதி ஜேம்ஸ் வாஷிங்டன் (ஊர் பெயரும் அதுவேதான்) தீர்ப்புச் சொன்னார். ஒரு பக்கம் குருடாவது, இன்னொரு பக்கம் வீட்டில் செடி வளர்ப்பது. எது பெரிய தீமை என்பதில் சந்தேகமில்லை. ராண்டல் குற்றவாளி இல்லை.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. அரசாங்கமே அவருக்குக் கஞ்சா கொடுக்க ஆரம்பித்தது. மிசிசிப்பியில் விளைந்தது, சிகரெட்டாகச் சுருட்டி, தகர டப்பாவில் அடைத்து. 1937ல் வந்த வரிச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவில் சட்டப்படி மருந்தாகக் கஞ்சா வாங்கிய முதல் ஆள் அவர்தான். நாளொன்றுக்குப் பத்து சிகரெட் வரை.

பத்தா என்று தோன்றுகிறதா? இந்தக் கதையின் முடிச்சே அந்தப் பத்தில்தான் இருக்கிறது.

கஞ்சா கண்ணழுத்தத்தைக் குறைப்பது உண்மை. பிடிப்பவர்களில் 60, 65 சதவீதம் பேருக்கு, சுமார் கால் பங்கு குறைகிறது. குறைந்தது எவ்வளவு நேரம் நிற்கும்? மூன்று மணி நேரம், மிஞ்சிப் போனால் நாலு. பிறகு பழையபடி ஏறிவிடும். கிளாக்கோமா 24 மணி நேர வியாதி. ராத்திரி தூங்கும்போது நரம்பு மட்டும் லீவு எடுத்துக்கொள்ளாது. அப்படியென்றால் மூன்று மணிக்கு ஒரு தரம், நாளைக்கு எட்டு தரம், அலாரம் வைத்து எழுந்து ராத்திரியிலும் பிடித்தாக வேண்டும். வருஷத்துக்கு 2920 தடவை. வேலைக்குப் போகிறவர், வண்டி ஓட்டுகிறவர், பிள்ளை வளர்க்கிறவர் இப்படி ஆயுசு முழுக்க இருக்க முடியுமா? இதில் எத்தனை தடவை தப்பினால் எவ்வளவு நரம்பு போகும் என்று கணக்கு வைக்கவும் வழியில்லை, வலிக்காதே.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ராண்டலைக் கவனித்துக்கொண்ட டாக்டர் ஜான் மெரிட், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1978 ஆரம்பத்தில் அவர் வேறு மாநிலத்துக்குப் போனதும் அரசாங்கம் ராண்டலின் டப்பாவை நிறுத்திவிட்டது. ராண்டல் மறுபடி கோர்ட்டுக்குப் போனார், இந்தத் தடவை அரசாங்கத்தின் மேலேயே கேஸ். அரசாங்கம் சட்டென்று சமாதானத்துக்கு வந்தது. அந்தச் சமாதானத்திலிருந்துதான் மற்ற நோயாளிகளும் விண்ணப்பிக்கலாம் என்ற கருணைத் திட்டம் பிறந்தது. அதே மெரிட் 18 கிளாக்கோமா நோயாளிகளைப் பரிசோதித்து 1980ல் முடிவுகளை வெளியிட்டார். கண்ணழுத்தம் குறைந்தது. கூடவே ரத்த அழுத்தமும் குறைந்தது, எழுந்து நின்றால் தலை சுற்றும் அளவுக்குச் சிலருக்கு. ரத்த அழுத்தம் விழுந்தால் ஏற்கெனவே நொந்து போயிருக்கும் பார்வை நரம்புக்குப் போகும் ரத்தம் குறையலாம் என்பதுதான் கண் மருத்துவர்களின் பயம். நரம்பைக் காப்பாற்றத்தானே அழுத்தத்தைக் குறைப்பது? இந்தக் கணக்கில் ஒரு பக்கம் வரவு வைத்ததை மறுபக்கம் செலவு எழுத வேண்டி வருகிறது.

ராண்டலுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் 1976ல் அவர் முன்னால் இருந்த கேள்வி வேறு. மற்ற மருந்துகளெல்லாம் தோற்றுவிட்டன, இது கொஞ்சம் கேட்கிறது, விட்டால் குருடு. அந்த நிலைமையில் எட்டு தரமானாலும் பத்து தரமானாலும் பிடிக்கத்தான் வேண்டும்.

பிறகு நிலைமை மாறியது. 1978லேயே, கருணைத் திட்டம் பிறந்த அதே வருஷம், டிமோலால் என்ற கண் சொட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பாப்பா சுருங்காது, காலையும் மாலையும் ஒரு சொட்டு. 1996ல் லாட்டனோப்ராஸ்ட் வந்தது. இது நாளைக்கு ஒரே ஒரு சொட்டு, படுக்கப் போகும்போது. 2920 எங்கே, 365 எங்கே. லேசர், அறுவை சிகிச்சை எல்லாம் தனி. வேடிக்கை என்னவென்றால் அதே 1996 நவம்பரில்தான் கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு மருத்துவக் கஞ்சாவைச் சட்டமாக்கினார்கள். அந்தச் சட்டத்தில் எழுதியிருந்த நோய்களின் பட்டியலில் கிளாக்கோமாவும் ஒன்று. கண் டாக்டர்கள் அந்தப் பாதையை விட்டு விலகிக்கொண்டிருந்த நேரத்தில் சட்டம் அதில் பலகை நட்டது. ராண்டலின் பெயர் அவ்வளவு பிரபலம்.

அந்தப் பலகையைப் பார்த்து வந்தவர்கள்தான் கவலைக்குரியவர்கள். அமெரிக்கக் கண் மருத்துவர்களின் அகாதெமியும் கிளாக்கோமா சங்கமும் இதைப் பரிந்துரைப்பதில்லை. ஆனால் சொட்டு மருந்து எரிகிறது, கண் சிவக்கிறது, இது இயற்கை மூலிகை என்று மாறிக்கொள்கிறவர்களுக்கு ஒரு விசேஷ ஆபத்து உண்டு: பிடித்ததும் நன்றாக இருக்கிற மாதிரி இருக்கும். நன்றாக இருக்கிற மாதிரி இருப்பது இந்த வியாதியில் ஒன்றையும் நிரூபிக்காது. அதைவிடக் கொடுமை, போதை வேண்டாம் என்று சிபிடி எண்ணெய் வாங்குகிறவர்கள் கதை. கண்ணழுத்தத்தைக் குறைப்பது போதை தரும் டிஎச்சிதான். சிபிடி எதிர்ப்பக்கம் போகக்கூடியது. 2018ல் இண்டியானா பல்கலைக்கழகம் எலிகளிடம் செய்த ஆய்வில் சிபிடி கண்ணழுத்தத்தை ஏற்றியது. எலியும் மனிதனும் ஒன்றல்ல, சரி. ஆனால் பார்வை நரம்பை வைத்து அந்தப் பந்தயத்தைக் கட்ட யாருக்கு மனசு வரும்?

போதை இல்லாமல் பலன் மட்டும் கிடைக்குமா என்று வேறு ஊரில் தேடியிருக்கிறார்கள். ஜமைக்காவில், மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பேராசிரியர் மேன்லி வெஸ்ட்டும் கண் மருத்துவர் ஆல்பர்ட் லாக்ஹார்ட்டும் சேர்ந்து கஞ்சாவிலிருந்து கானசால் என்ற கண் சொட்டையே 1980களில் தயாரித்துவிட்டார்கள். கஞ்சாவை ரம்மில் ஊறவைத்துக் குடிக்கும் மீனவர்களுக்கு ராத்திரியில் கண் நன்றாகத் தெரிகிறது என்ற பேச்சிலிருந்து ஆரம்பித்த ஆராய்ச்சி அது என்பார்கள். ஜமைக்காவில் அதற்கு மரியாதை உண்டு. மற்ற இடங்களில் பெரிதாக எடுபடவில்லை. டிஎச்சி எண்ணெய்ச் சமாசாரம், தண்ணீரில் கரையாது, அதனால் அதைச் சொட்டு மருந்தாக்குவது எப்போதும் தலைவலிதான்.

ராண்டல் என்ன ஆனார்? அந்த டப்பாவோடு ஊர் ஊராகப் போய் மற்ற நோயாளிகளுக்காகப் பேசினார். வாழ்க்கைத் துணை அலிஸ் ஓ'லியரியும் அவரோடு சேர்ந்து நின்றார். எய்ட்ஸ் வந்து சாப்பாடு இறங்காமல் உருகிக்கொண்டிருந்தவர்களுக்குக் கஞ்சா பசியைக் கொண்டுவருகிறது என்று தெரிந்ததும் அவர்களைக் கருணைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க வைத்தார்கள். விண்ணப்பங்கள் குவிய ஆரம்பித்ததும் அரசாங்கம் மிரண்டது. 1992ல் இனி புது ஆட்களுக்கு இல்லை என்று கதவைச் சாத்திவிட்டது. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் டப்பா தொடர்ந்தது. அப்படி மிஞ்சியவர்கள் ஒரு டஜன் சொச்சம் பேர்.

ராண்டலுக்கும் எய்ட்ஸ் இருந்தது. அதன் சிக்கல்களால் 2001 ஜூன் 2ந் தேதி பிறந்த ஊரான சாரசோட்டாவிலேயே இறந்தார். 53 வயது. மூன்றிலிருந்து ஐந்து வருஷம் என்று சொல்லப்பட்ட பார்வை 29 வருஷம் கழித்தும் அவரிடம் இருந்தது.