தேய்ந்தது எது?

எங்கள் விடுதி வேனை அறியாதவர் இப்பள்ளியில் இரார். வெள்ளை நிற மாருதி ஆம்னி. 1984-ஆம் ஆண்டில் ‘மாருதி வேன்’ என்று வெளிவந்து, 1988-இல் ‘ஆம்னி’ என்று பெயர் பெற்று, 2019-இல் உற்பத்தி நின்றுபோன வகை. எங்களுடையது எங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தது. சந்தைக்குப் போய்வரவும், காய்ச்சல் கண்டவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், முதல் வெள்ளிதோறும் எங்களில் அறுவரை முதியோர் இல்லத்திற்கு ஏற்றிச் செல்லவும் அதுவே துணை. அதை ஓட்டுபவர் எங்கள் டிரைவர் தாத்தா.

சென்ற மழைக்காலம் முடிந்ததிலிருந்து வேன் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. கியர் மாற்றும்போதெல்லாம் ‘கர்ரக்’ என்று ஓர் ஓசை. தாத்தா இரண்டாவது கியர் என்று போட்டால் அது நான்காவதில் போய் விழும். வண்டி குலுங்கி நின்றுவிடும். பின்னிருக்கையில் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். “தாத்தாவுக்குக் கண் தெரியவில்லை போலும்” என்பாள் ஒருத்தி. “கை தளர்ந்துவிட்டது” என்பாள் மற்றொருத்தி. அந்தப் பேச்சு வேனுக்குள் நிற்கவில்லை. விடுதியில் பரவி, பெற்றோர் செவிக்கும் எட்டியது. வேறு ஓட்டுநரைப் பார்க்க வேண்டியதுதான் என்று பெரியவர்கள் யோசிக்கலானார்கள்.

ஒரு நாள் மாலை, வராந்தாவில் தாத்தா சிஸ்டரிடம் பேசியது எங்கள் காதில் விழுந்தது. “நானே நின்னுக்கிறேன் சிஸ்டர். பிள்ளைங்க உயிர்தான் பெரிசு” என்றார். சிஸ்டர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “முதலில் வண்டியைப் பார்க்கச் சொல்வோம் ஐயா. உங்களைப் பற்றி அப்புறம் பேசலாம்” என்றார்கள்.

சனிக்கிழமை காலை மெக்கானிக் வந்தார். சிஸ்டரின் அனுமதியோடு நாங்களும் கூடி நின்றோம். “எஞ்சினை அணைச்சுட்டு கியர் போடுங்க அண்ணே” என்றார் அவர். எஞ்சின் ஓடும்போது மட்டும் கியர் உரசினால் கிளட்ச்சில் குறை இருக்கலாமாம்; அணைத்த பிறகும் கியர் தன் இடம் தெரியாமல் தடுமாறினால் கியர்க் கம்பியைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். எங்கள் வண்டியில் அணைத்த பிறகும் தடுமாறியது.

ஆம்னியில் எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது. கியர்ப் பெட்டி அதற்கும் பின்னால். கியர் போடும் கைப்பிடியோ ஓட்டுநருக்குப் பக்கத்தில் முன்னால் இருக்கிறது. ஆகவே கை செய்வதைப் பெட்டிக்கு எடுத்துச் சொல்ல வண்டிக்கு அடியில் நீண்ட கம்பி ஒன்று ஓடுகிறது. அது பொருந்தும் இடங்களில் மோதிரம் போன்ற சிறு வளையங்கள் உண்டு. அவற்றுக்குப் புஷ் என்று பெயர்.

மெக்கானிக் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். ஜாக்கியால் தூக்கிய பிறகு ஸ்டாண்டும் கொடுத்தார். “ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகக் கூடாது பாப்பா” என்று எங்களுக்கு எச்சரித்தார். எங்களில் ஒருத்தி உள்ளே அமர்ந்து கைப்பிடியை மெல்ல அசைத்தாள். மற்றவர்கள் தள்ளி நின்று குனிந்து, டார்ச் வெளிச்சத்தில் கம்பியைப் பார்த்தோம். என்ன வியப்பு! கைப்பிடி இரண்டு விரல் அகலம் நகர்ந்த பிறகுதான் கம்பி அசையத் தொடங்கியது.

கிளிப்பை நீக்கிப் பின்னை உருவியபோது புஷ் இரண்டு துண்டாகக் கையில் வந்தது. பின்னிலும் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. மேலே மூடியிருந்த ரப்பர் உறை கிழிந்து, சேறும் தண்ணீரும் உள்ளே போய், கிரீஸ் காய்ந்து கிடந்தது. அந்த உறையை எத்தனையோ நாளாக ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

வகுப்பில் படித்த நெம்புகோல் அப்போது நினைவுக்கு வந்தது. கைப்பிடியின் மேற்பகுதி கீழ்ப்பகுதியைப் போல் ஆறு மடங்கு நீளம் என்று வைத்துக்கொண்டால், கீழே 2 மில்லிமீட்டர் தேய்மானம் மேலே கைக்கு 12 மில்லிமீட்டர் ஆட்டமாகத் தெரியும். ஒவ்வொரு மூட்டின் ஆட்டமும் அதனோடு சேர்ந்துகொள்ளும்.

“புஷ்ஷை மட்டும் மாத்தினா, தேய்ஞ்ச பின் அதையும் சீக்கிரம் தின்னுடும்” என்று சொல்லி, புஷ், பின், ரப்பர் உறை மூன்றையும் புதிதாகப் போட்டுக் கிரீஸ் தடவினார். பிறகு கியர்ப் பெட்டியை நியூட்ரலில் வைத்து, கைப்பிடி நடுவில் நிற்கும்படி கம்பியைச் சரிசெய்தார்.

தாத்தா வண்டியை எடுத்து மைதானத்தைச் சுற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஓசையே இல்லை. இறங்கி வந்தவரிடம் மெக்கானிக், “உங்க கை நல்லாத்தான் இருக்கு அண்ணே. இவ்வளவு ஆட்டத்துல இத்தனை நாள் எங்கேயும் இடிக்காம ஓட்டினீங்களே!” என்றார். தாத்தா ஒன்றும் சொல்லாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் தலை குனிந்து நின்றோம். ஒருத்தி சொன்னது சிறு கேலிதான். அது வாய்க்கு வாய் மாறி அலுவலக அறையை அடைந்தபோது, ஒரு மனிதரின் பிழைப்பையே அசைக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அன்று இரவு ஆன்ம சோதனையின்போது எங்களுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த முதல் வெள்ளியன்று வேனில் ஏறுமுன், “தாத்தா, எங்களை மன்னித்துவிடுங்கள்” என்றோம். “எதுக்கும்மா? ஏறுங்க, அங்கே பெரியவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க” என்றார்.

இப்போது மாதம் ஒரு முறை, வண்டி நிற்கும்போது, தாத்தாவின் மேற்பார்வையில் எங்களில் இருவர் அந்த ரப்பர் உறை கிழியாமல் இருக்கிறதா என்று பார்க்கிறோம். அதற்கு ஐந்து நிமிடம் போதும். குறை எங்கே என்று குனிந்து பார்க்காமல் ஒருவர் மேல் பழி போடக் கூடாது என்பதை அந்தச் சிறு வளையம் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது. உடைந்த புஷ்ஷின் துண்டு ஒன்று எங்கள் வகுப்பு அலமாரியில் இருக்கிறது. விரும்புவோர் வந்து பார்க்கலாம்.