மண்ணரையில் கண்ணை மூடினால்...

திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டில் மண்ணரை, பக்கத்தில் நொய்யல். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தபோது, பல வீடுகளில் வேலையோடு தூக்கமும் போனது. இங்கே போய் 'தியானம் பண்ணுங்க' என்றால், 'கண்ணை மூடினா கடன்காரன் மூஞ்சிதானுங்க தெரியுது' என்பார்கள். நியாயம்தான்!

ஆனால் கோயங்கா கதையைக் கேளுங்கள். பர்மாவில் பெரிய வியாபாரி. மார்ஃபின் ஊசி போடுமளவுக்கு ஒற்றைத் தலைவலி. 1955-ல் அவர் தேடிப்போன குரு ஊ பா கின், சாமியார் அல்ல, அக்கவுண்டன்ட் ஜெனரல்! தலைவலிக்காக மட்டும் என்றால் வராதே என்றுவிட்டார் குரு. பிறகு பத்து நாள் மூச்சையும் உடம்பையும் கவனித்து உட்கார்ந்ததில், வலி விட்டது. 1960-களில் பர்மா அரசு அவர் தொழில்களை எடுத்துக்கொண்டபோதும் மனுஷர் உடையவில்லை. 1969-ல் இந்தியா வந்து விபஸ்ஸனா சொல்லித்தர ஆரம்பித்துவிட்டார்.

சென்னை திருமுடிவாக்கத்தில் அதே பத்து நாள் பயிற்சி உண்டு. கட்டணம் கிடையாது; பேசவும் கூடாது. ஷிப்மென்ட் நேரத்தில் பத்து நாள் லீவு கேட்டுப் பாருங்கள், முதலாளி பேசுவார்!