குருநகரில் ஒரு சனிக்கிழமை

மாணவர் பரிமாற்ற நிகழ்ச்சிக்காக எங்கள் கல்லூரியிலிருந்து ஆறு பேர் யாழ்ப்பாணம் போயிருந்தோம். எட்டு நாட்கள். அங்குள்ள மகளிர் கல்லூரி ஒன்றின் விடுதியில் தங்கினோம், அவர்களோடு வகுப்பில் இருந்தோம், ஒரு விவாதம், ஒரு கலைநிகழ்ச்சி. இதையெல்லாம் டீச்சர் அறிக்கையில் எழுதிவிட்டார். அந்த அறிக்கையில் "சனிக்கிழமை: ஓய்வு" என்று இரண்டு சொற்களில் முடிந்துபோன நாளைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

எங்கள் வீட்டில் 'ஊர்' என்றால் யாழ்ப்பாணம். நான் பிறந்து வளர்ந்தது புத்தளம் தில்லையடியில். ஆனாலும் ஜூன் மாதம் வந்தால் உம்மும்மா, "ஊருல இப்ப கறுத்தக் கொழும்பான் பழுத்திருக்கும்" என்பார். பதினேழு வயதுவரை நான் அந்த ஊரைக் கண்டதில்லை. பஸ் ஆனையிறவைத் தாண்டியபோது என் மனதில் இருந்தது ஊருக்குப் போகும் சந்தோசமல்ல. வெளிநாட்டுக்குப் போகிறவளின் பதற்றம்.

புறப்படும்போது உம்மா ஒரு சாமான் பட்டியல் தந்தார். ஒடியல் மா, பனங்கட்டி, மோர் மிளகாய், ஒரு போத்தல் நல்லெண்ணெய். உம்மும்மா பட்டியல் தரவில்லை. ஒரு கடித உறையைத் தந்தார். உள்ளே ஐயாயிரம் ரூபாய்.

"கரையூர் மீன் அக்காக்குக் குடுக்கணும் மகள். ஒன்றரைக் கிலோ பாரைட காசு. இப்ப அங்க என்ன விலையோ அந்த விலைக்குக் குடுங்க."

கரையூர் என்பது குருநகரின் பழைய பெயர் என்று உம்மா விளக்கினார். கடனின் கதையை உம்மும்மாவே சொன்னார்.

அவர்கள் சோனகதெருவில் இருந்த காலத்தில், குருநகரிலிருந்து ஒரு பெண் தலையில் கடகத்தோடு நடந்து வருவாராம். இரண்டரை, மூன்று கிலோமீற்றர் இருக்கும். வாசலில் கடகத்தை இறக்கி, "தங்கச்சி" என்று கூப்பிடுவாராம். 1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. கோட்டைச் சண்டை முடிந்து ஒரு மாதம். அன்று காலையும் அவர் வந்தார். உம்மும்மாவின் கையில் சில்லறை இல்லை. "வியாழக்கிழமை தாறன் அக்கா" என்று சொல்லிப் பாரை மீனை வாங்கினார். மீன் கறி அடுப்பில் கொதிக்கும்போது தெருவில் ஒலிபெருக்கி கேட்டது. எல்லோரும் ஒஸ்மானியாக் கல்லூரி ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்றார்கள். மைதானத்தில் வைத்து, இரண்டு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் சொன்னார்கள். அந்த மாதம் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000 பேருக்கும் அதிகம். அவர்களில் என் உம்மும்மாவும், அவர் இடுப்பில் இருந்த உம்மாவும் இரண்டு பேர். கறிச் சட்டி அடுப்பிலேயே இருந்தது.

வியாழக்கிழமை வரவில்லை.

2002இல் பாதை திறந்த பிறகு, அடுத்த வருடம் உம்மும்மா ஒரு தடவை போய் வந்தார். கூரையில்லாத வீட்டைப் பார்க்கவே மூன்று மணித்தியாலமும் போய்விட்டது. குருநகருக்குப் போக முடியவில்லை. பிறகு கால் வலி. ஒரு ஜனாஸா வந்தால், மௌத்தானவருக்குக் கடன் உண்டா என்று நபிகளார் (ஸல்) முதலில் கேட்பார்கள் என்று எங்கள் மார்க்க வகுப்பில் படித்திருக்கிறோம். உம்மும்மா அதைப் பரீட்சைக்காகப் படித்தவர் அல்ல.

"அந்த நாள் காசு என்ன, நாப்பது அம்பது ரூபாதானே உம்மும்மா? அதைக் குடுத்தாப் போதாதா?" என்று கேட்டேன்.

"அதுக்கு இப்ப என்ன வாங்கலாம்? அவ தந்தது மீன், ரூபா இல்ல."

மௌலவியிடம் கேட்டால் வேறு கணக்குச் சொல்லக்கூடும். உம்மும்மாவோடு கணக்குப் பேச எங்கள் வீட்டில் ஒருவருக்கும் துணிவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டோம். நான், என் வகுப்புத் தோழி, அந்தக் கல்லூரித் தோழிகள் இருவர், எங்கள் டீச்சர். தோழிகளில் ஒருத்தி நல்லூர், மற்றவள் குருநகர். பெயர் சொல்லாமல் நல்லூர்க்காரி, குருநகர்க்காரி என்றே எழுதுகிறேன். நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம். அவர்கள் எங்களைப் 'புத்தளம்' என்றார்கள், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெயர்.

முதலில் நவீன சந்தை. உம்மாவின் பட்டியல் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் பட்டியல் தொடங்கியது. வளையல், ஹிஜாப் பின், தங்கச்சிக்கு ஒரு கைப்பை, பிறகு இன்னும் வளையல். நல்லூர்க்காரி விலை பேசுவதைப் பார்க்க வேண்டும். கடைக்காரர் விலையைச் சொன்னதும் ஒரு சொல்லும் பேசாமல் பொருளை மெதுவாகத் திரும்ப வைப்பாள், நோயாளியைக் கட்டிலில் கிடத்துவது போல. அவர் தானாகவே ஐம்பது குறைப்பார். நான் அதே மாதிரி செய்து பார்த்தேன். அவர் பொருளை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். டீச்சருக்கு முழங்கால் வலி. கதிரை கண்ட கடையிலெல்லாம் உட்கார்ந்துகொண்டு, "பத்து நிமிசம்தான்" என்று பத்துத் தடவை சொன்னார்.

பனங்கட்டி வாங்கிய கடையில் ஒரு வயதானவர் எங்கள் ஹிஜாபைப் பார்த்து, "எங்க இருந்து பிள்ளையள்?" என்றார். புத்தளம் என்றோம். பனங்கட்டியை நிறுத்துக்கொண்டே, "அப்ப உங்கட ஆக்கள் முந்தி இஞ்சதான் இருந்திருப்பினம்" என்றார். ஓம் என்றேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. தராசில் இன்னும் ஒரு குட்டான் வைத்தார். அதற்குக் காசு எடுக்கவில்லை.

நல்லூரில் றியோவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டு முடிய மணி பதினொன்றரை. என்னுடைய சொந்தக் காசில் மீதி இருந்தது இருநூற்று அறுபது ரூபாய். இந்தக் கணக்கைச் சும்மா சொல்லவில்லை, பிறகு தேவைப்படும்.

அங்கிருந்து ஓட்டோவில் குருநகர். யாகப்பர் கோயில் திருநாள் ஜூலை 25 என்பதால் ஒழுங்கைகளில் கொடிகள் கட்டியிருந்தார்கள். வாசலில் இருந்து வலை பொத்துகிறவர்கள், கயிற்றில் காயும் உடுப்பு, எங்கும் உப்புக் காற்று. இறங்குதுறையில் நின்றால் எதிரே மண்டைதீவு தெரிகிறது. நான் நினைத்து வந்த கடல் அலை அடிக்கும் கடல். இது பரவைக் கடல், குளம் போல அசையாமல் கிடக்கிறது. கற்பிட்டிப் பக்கத்துக் கடலேரியைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பழக்கமானதாகவே இருந்தது. ஊரை விட்டுப் போனவர்கள் இதே மாதிரி ஒரு தண்ணீரின் பக்கத்தில்தான் போய்க் குடியிருந்திருக்கிறார்கள். உம்மும்மா இதை ஒருநாளும் சொன்னதில்லை.

மீன் விற்கும் இடத்தில் பாரை என்ன விலை என்று கேட்டேன். கிலோ ஆயிரத்து எண்ணூறு. "வாங்கப்போறியா? விடுதியில வைச்சு என்ன செய்வாய்?" என்று குருநகர்க்காரி சிரித்தாள். ஒன்றரைக் கிலோ 2,700 என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆனால் ஏன் கேட்டேன் என்று சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் பயம். ஐந்து நாட்கள் ஒரே வாங்கில் இருந்து, ஒரே பார்சலில் சாப்பிட்டுச் சினேகிதமாகி இருக்கிறோம். கடன் கதையைச் சொன்னால் 1990 என்ற வருடத்தைச் சொல்லவேண்டும். அதைச் சொன்னால் குற்றம் சாட்ட வந்தவள் போல ஆகிவிடுமோ? நாங்கள் கொடுக்கவேண்டிய கணக்கைத் திறந்தால், எங்களுக்கு வரவேண்டிய கணக்கும் சேர்ந்து திறந்துவிடாதா? அவளும் நானும் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் நடந்தது அது.

அவள் வீட்டில் அம்மா ஒடியற் கூழ் காய்ச்சி வைத்திருந்தார். நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்ட கூழ். பனையோலையில் பிளா கோலித் தந்தார். "எல்லாம் கடல் சாமான்தான் பிள்ளையள், யோசிக்காமக் குடியுங்கோ. பானையும் புதுசு" என்றார். எங்களுக்காகப் புதுப் பானை வாங்கியிருக்கிறார். கூழ் உறைத்து, எல்லோருக்கும் மூக்கு வடிந்தது. டீச்சர் மூன்று பிளா குடித்தார். (டீச்சர் மன்னிக்க வேண்டும்.)

லுஹர் தொழ இடம் கேட்டோம். உள் அறையைக் கூட்டிப் பாய் விரித்துத் தந்தார். எந்தப் பக்கம் மேற்கு என்று கேட்டதற்கு, "கோட்டைப் பக்கம்" என்று கை காட்டினார். தொழுது சலாம் கொடுத்தபோது தீர்மானித்தேன். அமானிதத்தைப் பயத்துக்காகத் திரும்பக் கொண்டு போக முடியாது.

வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா முதலில் கேட்டது, "அந்த மனிசின்ர பேர் என்ன?"

எனக்குத் தெரியாது. உம்மும்மாவுக்கும் தெரியாது. இது வரைக்கும் அதில் ஒரு குறை இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. எத்தனையோ வருடம் வாசலுக்கு வந்த ஒருவரின் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. 'மீன் அக்கா'. அவ்வளவுதான். எனக்கு முகம் சுட்டது.

அம்மா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சிறிது நேரம் பிளாவை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"எனக்கு அப்ப பன்னிரண்டு வயது. சோனகதெரு ஆக்கள் போகினம் எண்டு கதைச்சவை. எங்கட பெரிய ஆக்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்ல பிள்ளை. பயம். அஞ்சு வருசத்தால எங்களையும் வெளிக்கிடச் சொன்னவங்கள். அதுவும் ஒக்டோபர் 30. அதுவும் ஒலிபெருக்கியிலதான். மழை. நாவற்குழிப் பாலம் தாண்ட விடிஞ்சிட்டுது."

1995இல் யாழ்ப்பாணத்து மக்கள் இடம்பெயர்ந்தது வரலாற்றுப் பாடத்துக்கு வெளியே எனக்குத் தெரிந்த விஷயம்தான். திகதி தெரியாது. குருநகர்க்காரிக்கு 1990இன் திகதி தெரியாது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த ஒழுங்கையில் ஓர் ஆச்சி இருந்தார். எண்பது வயதுக்கு மேல். அந்த நாளில் கடகம் தூக்கியவர். அம்மா எங்களை அங்கே கூட்டிப் போனார். ஆச்சிக்குக் காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கூர்மை. விஷயத்தைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் சோனகதெருவுக்குத்தான் போறனான். மற்ற ஒழுங்கை. செவ்வாய்க்கிழமை வித்துப்போட்டு வந்தனான். ரெண்டு நாளால கடகத்தோட போனன். ஒரு குருவியில்லை. வீடுகள் திறந்தபடி. ஆடுகள் மட்டும் பால் கறக்க ஆளில்லாமக் கத்திக்கொண்டு நிண்டது. மீனைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தன் பிள்ளை. பாதி வழியில இருந்து அழுதனான்."

உம்மும்மாவிடம் நான் கேட்காத பாதி இது. அவர்கள் போன பிறகு அந்தத் தெருவில் என்ன நடந்தது என்பதை எங்கள் வீட்டில் ஒருவராலும் சொல்லமுடியாது. ஆச்சியால் சொல்லமுடிந்தது.

தில்லையடிக்கு அழைப்பு எடுத்து, கைபேசியை ஆச்சியின் காதில் வைத்தேன். இரண்டு பேரும் சத்தமாகக் கதைத்தார்கள். எந்த ஒழுங்கை, கிணறு வாசலுக்கு எந்தப் பக்கம், மீன் அக்கா உயரமா கட்டையா, கையில் பச்சை குத்தியிருந்தாரா. இருபது நிமிடம் போனது. அதில் பதினைந்து நிமிடம் மீன் கதை. புத்தளத்தில் ஓரா மீன் கிடைக்குமா என்று ஆச்சி கேட்டதும், கிடைக்கும் ஆனால் அந்த ருசி இல்லை என்று உம்மும்மா சொன்னதும் எனக்கே கேட்டது.

கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். இரண்டு பேரும் அந்த ஒழுங்கைக்குப் போனவர்கள், இரண்டு பேரும் உயரம். ஒருவர் இடம்பெயர்ந்து போன இடத்தில் 1996இல் இறந்துவிட்டார். மகள் பாசையூரில் இருக்கிறார். மற்றவர் மன்னாரில் மகனோடு. நான் உறையை ஆச்சியிடம் நீட்டினேன். "அவளுக்குரிய காசை நான் வாங்கினா எனக்கல்லோ கடன்" என்று கையை இழுத்துக்கொண்டார்.

உம்மும்மாவிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"ஆரெண்டு தெரியாட்டி ரெண்டு பேருக்கும் முழுசாக் குடுங்க மகள். பாதி பாதியாக் குடுத்தா ரெண்டு பேருக்கும் கடன் நிக்கும். ரெண்டு பேர்ட பேரையும் எழுதிக்கொண்டு வாங்க."

இரண்டு பேருக்கும் 2,700 படி 5,400. உறையில் இருப்பது 5,000. என்னிடம் இருப்பது 260, அதுவும் விடுதிக்குத் திரும்பும் ஓட்டோவில் என் பங்கு. கையில் புது வளையல் எட்டுக் கிலுகிலுத்தது. டீச்சரிடம் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் குருநகர்க்காரி உள்ளே ஓடிப்போய் நானூறு ரூபாய் கொண்டுவந்து உறைக்குள் வைத்துவிட்டாள். "பிறகு தா" என்றாள்.

அம்மா அடுத்த நாளே பாசையூருக்குப் போய்க் கொடுத்தார். மகள் வாங்க மறுத்து, பிறகு தாயின் பெயரைச் சொன்னதும் வாங்கினாராம். மன்னார்க் காசு மாதக் கடைசியில் ஒருவர் கையில் போனது. இரண்டு பெயர்களையும் உம்மும்மா தன் டயறியில் எழுதி வைத்திருக்கிறார். நான் இங்கே எழுதவில்லை. அது அவர்களுடைய கணக்கு.

என்னுடைய கணக்கு வேறு. குருநகரில் எனக்கு நானூறு ரூபாய் கடன் இருக்கிறது. மூன்றாம் தவணையில் அவர்கள் எங்கள் கல்லூரிக்கு வருகிறார்கள். கடன் தந்தவளின் முழுப்பெயர், அம்மாவின் பெயர், வீட்டிலக்கம், ஒழுங்கையின் பெயர் எல்லாவற்றையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.