'பசிக்கலை, பெரியம்மா!'

வயசுப் பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அலுத்துக்கொள்ளாத அம்மா நம்மில் யார்? ஒரு வாய் காபியோடு பஸ்ஸுக்கு ஓடுவதும், டிபன் டப்பா பாதியோடு திரும்பி வருவதும் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். அதைப் பற்றி எழுத நான் வரவில்லை. தட்டைக் கண்டாலே நடுங்குகிற ஒரு நோய் இருக்கிறது. அது என் தங்கை பெண்ணுக்கு வந்தது. 16 வயசு, பிளஸ் ஒன் படிக்கிறாள். ஏழே மாதத்தில் 50 கிலோவிலிருந்து 39 கிலோவுக்கு இறங்கிவிட்டாள். எழுதட்டுமா என்று அவளையே கேட்டேன். "பேரைப் போடாம எழுதுங்க பெரியம்மா" என்றாள்.

ஆரம்பம் ஒரு கல்யாண வீட்டில் என்று நினைக்கிறோம். யாரோ ஒரு உறவுக்கார அம்மாள், "என்னடி, நல்லா பூசினாப்போல ஆயிட்டே!" என்றாளாம். சொன்னவள் அடுத்த பந்திக்குள் மறந்திருப்பாள். இந்தப் பெண் மறக்கவில்லை. அதற்காக அந்த அம்மாளைக் குற்றம் சொல்லவும் முடியாது. பரம்பரை, எதிலும் நூற்றுக்கு நூறு வேண்டும் என்கிற சுபாவம், பட்டினி தொடங்கியதும் உடம்பே மாறிப்போவது என்று பல காரணங்கள் சேர்ந்துதான் இந்த நோய் வருகிறது என்கிறார்கள். முக்கியமாக, இது அம்மா வளர்த்த வளர்ப்பால் வருவதில்லை. இதைக் கேட்டபோதுதான் என் தங்கை முதல் தடவையாக அழுதாள்.

முதலில் இனிப்பை நிறுத்தினாள். பிறகு ராத்திரி சாதத்தை. அப்புறம் விரதம்! சனிக்கிழமை, செவ்வாய், வெள்ளி, ஏகாதசி, சஷ்டி என்று காலண்டரில் எதையும் விடவில்லை. "இந்தக் காலத்துலே இப்படி ஒரு பெண்ணா!" என்று பாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. நம் வீடுகளில் இந்த நோய் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பிறகு டாக்டர் கேட்ட ஒரு கேள்வி என் மனசிலேயே நிற்கிறது: "விரதம் முடிஞ்ச மறுநாள் ஆசையா சாப்பிட்டாளா?" இல்லை. விரதம் இருக்கிறவளுக்கு மறுநாள் காலை இட்லி எப்போது வரும் என்று இருக்கும். இவளுக்கு மறுநாள்தான் பயம்.

வேடிக்கை என்னவென்றால், சமையலில் திடீரென்று ஒரே ஆசை. செல்போனில் ஓயாமல் சமையல் நிகழ்ச்சி பார்ப்பாள். தம்பிக்கு மைசூர்பாகு கிளறிப் போடுவாள். தான் மட்டும் ஒரு துண்டு வாயில் வைக்கமாட்டாள். ஒரு இட்லியை இருபது துண்டாக்கி அரை மணி தட்டில் உருட்டுவாள். மாடிப்படி ஏறி ஏறி இறங்குவாள். தொளதொளவென்று சட்டை. சித்திரை வெயிலில் கைகால் ஜில்லென்று இருக்கும். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. முதுகிலும் கையிலுமோ பூனைமுடி முளைத்தது. நான்கு மாதமாகத் தூரம் வரவில்லை.

இதற்குத்தான் முதலில் ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே எடை பார்க்கவில்லை, என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்கவில்லை. தூரம் வருவதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரைக்கு வந்தது. எல்லாரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. மாத்திரையால் வருகிற உதிரப்போக்கு உடம்பு தேறிவிட்டதற்கு அடையாளமே இல்லை. பட்டினியால் சூலகம் அடங்கிப்போனது அப்படியே இருக்கும். எலும்பு தேய்வதும் உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கும்.

படியிறங்கும்போது ஒருநாள் மயங்கி விழுந்தாள். அப்போது பார்த்த குழந்தைகள் டாக்டர்தான் நோயைக் கண்டுபிடித்தார். படுக்கவைத்து நாடி பார்த்தார்: 44. நிற்கவைத்து மறுபடி பார்த்தார். ரத்த அழுத்தமும் அப்படியே இரண்டு தடவை. ஈ.ஸி.ஜி. எடுத்தார். ரத்தத்தில் சர்க்கரை, பொட்டாசியம், பாஸ்பரஸ், தைராய்டு எல்லாம் பார்த்தார். எடை குறைவதற்குத் தைராய்டு, சர்க்கரை வியாதி, காசநோய், கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல் நோய் என்று வேறு காரணங்களும் உண்டே! அவை இல்லை என்று தெரிந்த பிறகு, எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளோடு தனியாக ஒரு மணி நேரம் பேசினார்.

நோயின் பெயர் அனோரெக்ஸியா நெர்வோஸா. ஏதோ இன்றைய நாகரிகம் கொண்டுவந்த வியாதி என்று நினைக்காதீர்கள். 1873-லேயே லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் லாசேக் என்று இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக இதை விவரித்திருக்கிறார்கள். இதைக் காட்டித்தர எந்த ரத்தப் பரிசோதனையும் கிடையாது. மூன்று விஷயத்தைப் பார்க்கிறார்கள். உடம்புக்கு வேண்டியதைவிடக் குறைவாகத் தின்று எடை மிகவும் இறங்கியிருக்க வேண்டும். எடை கூடிவிடுமோ என்ற பெரும் பயம் இருக்க வேண்டும். எலும்பும் தோலுமாக இருந்தாலும் கண்ணாடியில் தன்னைக் குண்டாகவே பார்க்க வேண்டும், அல்லது ஆபத்து என்பதே மனசில் ஏறாமல் இருக்க வேண்டும். தூரம் நின்றிருக்க வேண்டும் என்பது முன்பு நான்காவதாக இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட வரையறையில் அதை எடுத்துவிட்டார்கள். பையன்களுக்கும் இது வருகிறதே!

அந்தப் பெயருக்குப் பசியின்மை என்று அர்த்தமாம். ஆனால் பசி போவதில்லை! "பசிக்கலை, பசிக்கலைன்னு உங்ககிட்ட சொல்லிட்டே இருந்தேனே பெரியம்மா, பொழுதன்னிக்கும் பசிதான்" என்று பின்னால் அவளே சொன்னாள். அந்தச் சமையல் பைத்தியம் ஏன் வந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. 1944, 45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்ஸல் கீஸ் என்பவர் 36 வாலிபர்களை, அவர்கள் சம்மதத்தோடுதான், ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார். திடமான ஆண்பிள்ளைகள் அவர்கள். கொஞ்ச நாளில் சமையல் புத்தகம் படிக்க ஆரம்பித்தார்களாம். சாப்பாட்டை மணிக்கணக்கில் அளைந்தார்களாம். எரிந்து விழுந்தார்களாம், குளிரில் நடுங்கினார்களாம். ஆக, பெண்ணின் பிடிவாதம் என்று நாம் நினைப்பதில் பாதி பட்டினி மூளைக்குச் செய்கிற வேலை. அதனால்தான் முதலில் எடை ஏற வேண்டும், மனசுக்கு வைத்தியம் அதோடு சேர்ந்து வரும் என்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தாள். ஒன்றை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்கு, ஐயோ பாவம் என்று எடுத்த எடுப்பில் நெய்யும் பாயசமுமாக ஊட்டிவிடக்கூடாது. ரத்தத்திலுள்ள பாஸ்பரஸ் சட்டென்று இறங்கி இதயமே நின்றுபோகலாம். கொஞ்சமாக ஆரம்பித்து, தினமும் ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய வேலை. தங்கையும் அவள் கணவரும் உத்தியோகம் பார்க்கிறவர்கள். அதனால் மூன்று மாதம் நான் போய் இருந்தேன். லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் 1980-களில் உருவான முறை இது. சின்ன வயசுக்காரர்களுக்கு நல்ல பலன் தருகிறது என்றார் மனநல டாக்டர். குணமாகும் வரை, என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்பதைப் பெண் தீர்மானிப்பதில்லை. வீட்டுப் பெரியவர்கள் தீர்மானிக்கிறார்கள். "டைபாய்டு வந்தா, மாத்திரை வேணுமா, பாதி போதுமான்னு அவளைக் கேப்பீங்களா? சாப்பாடுதாம்மா இதுக்கு மருந்து" என்றார் டாக்டர். இந்த நோய்க்கென்று தனி மாத்திரை கிடையாது.

மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் மூன்று தடவை பால், சுண்டல், பழம், கடலை உருண்டை. அவள் சமையல்கட்டுக்குள் வரக்கூடாது. எடை மிஷினைப் பரண்மேல் ஏற்றிவிட்டோம். வாரம் ஒருநாள் டாக்டரிடம்தான் எடை. ஒரு கிண்ணம் தயிர்சாதத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். "என்னைக் குண்டாக்கப் பாக்கறீங்க!" என்று கத்துவாள். தட்டு ஒருநாள் சுவரில் போய் விழுந்தது. "ரெண்டு அறை விட்டா சரியாப் போயிடும்" என்ற தாத்தாவையும் டாக்டர் அழைத்துவரச் சொல்லி, பேத்தி வேறு, நோய் வேறு என்று புரியவைத்தார். கோபிக்காமல், கெஞ்சாமல், பேரம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். "பயமா இருக்கும்மா, தெரியுது. ஆனா இதைச் சாப்பிட்டாகணும்." இவ்வளவுதான் பேச்சு. நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ! சாப்பிட்டு ஒரு மணி நேரம் பாத்ரூம் பக்கம் போகக்கூடாது. அந்த ஒரு மணி தம்பியின் டியூட்டி: அக்காவோடு கேரம். சாப்பாட்டைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு. அந்தப் பொடியன் எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் செய்தான்.

வருகிறவர்கள் வாயை மூடுவதுதான் பெரும்பாடு. "முகம் தெளிஞ்சிருக்கே" என்று ஒருத்தி நல்ல மனசோடுதான் சொன்னாள். அன்று ராத்திரிச் சாப்பாடு போயிற்று. அவள் காதில் அது 'குண்டாகிவிட்டாய்' என்று விழுகிறது. அதற்கப்புறம் வாசலிலேயே சொல்லிவிடுவேன்: படிப்பைப் பற்றிக் கேளுங்கள், சினிமா பேசுங்கள், உடம்பைப் பற்றி மட்டும் வேண்டாம்.

இதற்கு ஒரு உடன்பிறப்பும் உண்டு. அளவில்லாமல் தின்றுவிட்டு, விரலை விட்டு வாந்தி எடுப்பது, இல்லையேல் பேதி மாத்திரை போடுவது. புலிமியா என்று 1979-ல் ஜெரால்ட் ரஸ்ஸல் பெயரிட்டார். எடை சாதாரணமாகவே இருப்பதால் வீட்டில் தெரியாது. பல் எனாமல் கரைவது, கன்னம் பொன்னுக்கு வீங்கி மாதிரி உப்புவது, விரல் முட்டியில் தழும்பு, சாப்பிட்டதும் பாத்ரூமில் குழாய்ச் சத்தம், இவைதான் தடயங்கள். பொட்டாசியம் இறங்கி இதயம் தடுமாறும். இதற்குப் பேச்சு வைத்தியமும், ஃப்ளுவாக்ஸெடின் என்ற மாத்திரையும் உதவுகின்றன.

மயக்கம், நெஞ்சு படபடப்பு, நாடி 50-க்குக் கீழே, தண்ணீரைக்கூட மறுப்பது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். யாரைப் பார்ப்பது என்று தெரியாதவர்களுக்கு 2022-லிருந்து டெலிமானஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண் இருக்கிறது: 14416. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

எங்கள் பெண்ணுக்கு எட்டாவது மாதத்தில் தூரம் தானாகவே வந்தது. அரைப் பரீட்சை சமயத்தில் இரண்டு கிலோ இறங்கி, மறுபடி எல்லாரும் தட்டின் முன்னால் உட்கார்ந்தோம். இப்போது 48 கிலோ. காலை டிபனைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். மத்தியானமும் ராத்திரியும் இன்னும் அம்மாதான் பரிமாறுகிறாள். அடுத்த வருஷம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க ஆசை. எடை இப்படியே ஆறு மாதம் நிற்கட்டும், அப்புறம் பேசலாம் என்றிருக்கிறார் டாக்டர்.